டாக்டர் கொடுத்த விடுதலை

ஜாலான் புசார், சிங்கப்பூர்
ஜனவரி 1958

அன்புள்ள ஹமீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகள் பௌசியாவும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். என் சுகத்தை ஆஸ்பத்திரியே கவனித்துவந்ததால் நான் தனியாகக் கவலைப்படவில்லை.

கன்னத்துப் புற்றுக்கு ரேடியம் வைத்தபின், மாதாமாதம் டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்துக் கழுத்தையும் தடவிப் பார்ப்பார். ஊருக்குப் போகக் கேட்டபோதெல்லாம், ஒரு மாதம்கூடத் தவறக்கூடாது என்று மறுத்தார். இந்த முறை அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. இன்னொரு டாக்டரையும் அழைத்துத் தடவச் சொன்னார். என் கழுத்துக்கு இவ்வளவு மரியாதை நம் நிக்காஹ் மாலைக்குப் பிறகு இப்போதுதான் கிடைத்தது.

பிறகு டாக்டர் சொன்னதை, காயங்களுக்கு மருந்து கட்டும் டிரெசர் தங்கராசு தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்:

"ஊருக்குப் போங்க பாய். பிள்ளையோட இருங்க. இனிமே இங்க வர வேணாம்."

"மருந்து?"

"வலிச்சா மட்டும் சாப்பிடுங்க."

அறைக்கு வந்து சொன்னதும் அறைத்தோழன் நெய்னா துள்ளினான். "விட்டுட்டாங்க லா, மீரான் நானா! பிரியாணி வாங்கிக் குடுங்க!"

வாங்கிக் கொடுத்தேன். நான் கஞ்சி குடித்தேன்.

ஆகவே அடுத்த கப்பலில் வருகிறேன். பலகாரம் சுடாதே, வாய் அவ்வளவு திறக்காது. காரமில்லாமல் ஆறிய கஞ்சி போதும். குடிக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசு. இங்கே சுவரைப் பார்த்தே குடிக்கிறேன்.

இரும்புக் கடை திறக்கும் நேரமாகிவிட்டது. ஒன்றை எழுத மறந்துவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் வைத்திருக்கும் பௌசியாவின் நிக்காஹை நோன்புக்கு முன்பே வைத்துவிடு. சம்பந்தி காரணம் கேட்டால், மாப்பிள்ளையைப் பார்க்க எனக்கு அவசரம் என்று சொல். அது பொய்யில்லை.

உன்
மீரான்