குச்சிப்பூச்சி வளர்த்தவருக்கு

இன்று காலை இலை மாற்றக் கூண்டைத் திறந்தேன். ஈரக் கொய்யா இலையின் வாசனை முகத்தில் அடித்தது; கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். வலையின் மேல்மூலையில் ஏழு குஞ்சுகள் தொங்கிக்கொண்டிருந்தன. தையல் நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதுபோல அத்தனை மெல்லிசு. நீங்கள் போனது ஆனியில். இப்போது தை. நீங்கள் உயிரோடு இருந்தபோது விழுந்த முட்டைகள் இப்போதுதான் பொரித்திருக்கின்றன. உங்கள் காரியம் எதுதான் நேரத்துக்கு நடந்திருக்கிறது?

நான் பூரித்துப்போனேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு கூடை கொய்யாத் தழை ஒடித்துவந்து போட்டேன், அவ்வளவுதான். எனக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போக வேண்டும்.

முதல் பூச்சி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? காப்பிச் செடியில் கிளை கழிக்கும் கவாத்து முடிந்து விறகுக் கட்டோடு வந்தீர்கள். நான் அடுப்புக்கு ஒரு சுள்ளியை உருவினேன். சுள்ளி என் மணிக்கட்டில் ஏறி நடந்தது. நான் அலறிய அலறலில் கொட்டச்சேட்டு எஸ்டேட் லைன் வீடுகள் பத்தும் வாசலுக்கு வந்துவிட்டன. நீங்கள் மட்டும் தரையில் மண்டியிட்டு, "மெதுவா அம்மிணி, மெதுவா, கால் ஒடிஞ்சிரும்" என்றீர்கள். என் காலையா சொன்னீர்கள்? பூச்சியின் காலை.

மறுநாளே மரச்சட்டம் அடித்து, என் கொசுவலையைக் கிழித்துக் கூண்டு செய்தாயிற்று. அதற்கப்புறம் அந்த ஒற்றை அறையில் நான் பழகிக்கொண்டது உங்கள் பூச்சிகளின் பழக்கம். காலையும் மாலையும் இலைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்தத் துளிகளைத்தான் குடிக்கும். ஊதினால் காற்றிலாடும் குச்சிபோல ஆடும். சீண்டினால் செத்ததுபோல விழுந்து கிடக்கும். தோல் உரிக்கும்போது தலைகீழாகத் தொங்கும். அப்போது யாரும் தொடக் கூடாது, அறையில் சத்தமாகப் பேசக்கூடக் கூடாது, அது உங்கள் சட்டம். உரித்த தோலைத் தானே தின்றுவிடும். சின்னதில் கால் போனால் அடுத்தடுத்த உரிப்பில் புதுக் கால் முளைக்கும். முட்டை விதை மாதிரி இருக்கும், மூடிகூட உண்டு; ஒவ்வொன்றாகக் கீழே போட்டுவிட்டு, தாய் திரும்பியே பார்க்காது. இதையெல்லாம் நீங்கள் சொல்லும்போது உங்கள் குரல் அத்தனை இதமாக இருக்கும். அந்தக் குரலில் என்னிடம் பேசியது கல்யாணமான புதிதில்தான். அப்போது ஒருநாள், பொண்ணு பிறந்தால் பொன்மணி என்று பேர் வைக்கலாம் என்றீர்கள்.

நாலு வருஷம் ஆகியும் பிறக்கவில்லை. சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு பேருக்கும் பரிசோதனை செய்தார்கள். என்னிடம் குறையில்லை, உங்களுக்குத்தான் குழந்தை உண்டாக வழியில்லை என்று டாக்டர் நேராகவே சொன்னார். திரும்பி வரும்போது குப்பனூர் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியது. நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அம்மிணி, இத யாருகிட்டயும் சொல்லாத. நேரம் வரட்டும், நானே சொல்லிக்கறேன்." நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லலீங்க, சத்தியமா" என்றேன். இருபத்தாறு வயசு எனக்கு. புருஷன் மானத்தைக் காப்பது பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

அதற்குப் பின் பதினோரு வருஷம். மலடி என்று யாரும் முகத்துக்கு நேரே குத்திக்காட்டவில்லை, உங்கள் அக்காவைத் தவிர. கரடியூரில் அவர் மகளின் வளைகாப்புக்கு நான் வளையல் எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். அவர் என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, "நீ போயி எலை போடு கண்ணு" என்று பந்திக்கு அனுப்பினார். கண்ணு என்றுதான் சொன்னார். நீங்கள் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் எல்லாருக்கும் இலை போட்டேன், உங்களுக்கும் போட்டேன். நன்றாகச் சாப்பிட்டீர்கள்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். அந்தக் காலேஜ் பொண்ணு வந்த நாளைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

எஸ்டேட்டில் பூச்சி வகைகளைக் கணக்கெடுக்க மாணவர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர்தான் நம் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு கூண்டுக்குள் வெகுநேரம் பார்த்தாள். உங்கள் அக்காவும் அன்றைக்கு நம் வீட்டில் இருந்தார்.

"அண்ணா, இதுல ஆணைப் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்களே. அத்தனையும் ஒரே மாதிரிதானுங்க இருக்குது."

"அப்போ எல்லாமே பெண்ணாத்தான் இருக்கும். இதுல சில வகைக்கு ஆணே தேவையில்லண்ணா. தானா முட்டை போடும், பொரிக்கறதும் பெண்ணாவே இருக்கும்."

நீங்கள் சிரித்தீர்கள். ஒவ்வொரு பூச்சிக்கும் உலகம் முழுக்கச் செல்லுகிற இரட்டைப் பேர் ஒன்று உண்டு, இதற்கு என்ன பேர் என்று ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும், சரியான பேர் இன்னும் இல்லாமலும் இருக்கலாம் என்றாள் அந்தப் பொண்ணு.

"நான் பேரு வெச்சுட்டேனுங்க" என்றீர்கள். கூண்டிலேயே பெரியதைக் காட்டி, "இவ பொன்மணி."

என் காதில் விழட்டும் என்று சொன்னீர்களா, மறந்துபோய்ச் சொன்னீர்களா, இன்றுவரை தெரியாது. அந்தப் பேரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு ஒரு பாவாடைகூட மனசுக்குள் தைத்து வைத்திருந்தேன். அந்தப் பேரைப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் அக்கா தாடையில் கைவைத்துக்கொண்டார். "பாத்தியாடா தம்பி! ஆம்பளையே இல்லாம பூச்சி பெத்துப்போடுது. உன்னாட்டம் ஆம்பள இருந்தும் இங்க ஒருத்திக்கு ஆகலியே!"

மாணவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கொய்யாக் கிளையைப் பிடித்தபடி, கண்கூட இமைக்காமல் நின்றீர்கள். உங்கள் பூச்சிகளே தோற்றுப்போகும் அசையாமை. பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்து இலைமேல் தெளிக்க ஆரம்பித்தீர்கள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் கேட்டேன். "ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நேரம் வரட்டும் அம்மிணி."

வரவேயில்லை. போன ஆனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காப்பிச் செடிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் என்னைக் கிட்ட வரும்படி ஜாடை காட்டினீர்கள். கட்டிலின் அந்தப் பக்கம் உங்கள் அக்கா. இப்போதுதான் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, நீங்கள் பிழைக்க வேண்டும் என்பதுகூட அந்த நிமிஷம் எனக்கு இரண்டாவதாகத்தான் இருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"கூண்டுக்கு அடில கெடக்கறதக் கூட்டிக் கொட்டிராத. முட்டை இருக்குது. தண்ணி தெளி" என்றீர்கள்.

அவ்வளவுதான். மறுநாள் காலை நீங்கள் இல்லை.

நான் கொட்டவில்லை. பெரிய பூச்சிகளெல்லாம் புரட்டாசிக்குள் செத்துப்போயின. வெறும் குப்பைக்குத் தண்ணீர் தெளிக்கிறாள், புத்தி பேதலித்துவிட்டது என்று லைனில் பேசிக்கொண்டார்கள். உங்கள் மேல் உள்ள கோபத்தை அந்த முட்டைகள்மேல் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் உங்கள் அக்கா வந்தார். பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் வருகிறார். குஞ்சுகளைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எந்தம்பிக்கு ஒண்ணு பெத்துக் குடுத்திருந்தீன்னா, நான் இன்னிக்கு இந்தப் பூச்சியவா பாத்துட்டு நிக்கோணும்?" என்றார்.

பதினோரு வருஷம் கட்டிவைத்த வாய் அவிழ்ந்துவிட்டது. "அண்ணி, கொறை எனக்கில்லீங்க. அவருக்கு. சேலத்துல டாக்டரு சொன்னாரு. அவரு மானம் போயிரக் கூடாதுன்னுதான் நான் இத்தன நாளு சொல்லல."

அவர் அதிர்ந்துபோவார், அழுவார், என்னை அடித்தாலும் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"தெரியும் கண்ணு."

"என்னங்க தெரியும்?"

"ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்த அந்த வாரமே கரடியூருக்கு வந்து, எம்மடியில தலைய வெச்சு அழுதான். ஊருக்குத் தெரிஞ்சா தூக்குல தொங்கிருவேன்னான். அதுக்காவத்தான் நான் உன்னைய முந்திக்கிட்டுப் பேசுனது. நான் பேசலேன்னா நாலு பேரு அவனப் பேசியிருப்பாங்க."

"அப்போ என்னைய யாரும் நெனைக்கலீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கூண்டையே பார்த்தபடி இருந்தார். "நானுங்கேட்டேன், அந்தப் புள்ள என்னடா பண்ணும்னு. அவ நொம்பத் தைரியசாலி அக்கா, தாங்கிக்குவான்னான்."

அவர் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. காப்பி வைத்தேன், குடிக்கவில்லை. ரைட்டரிடம் வாங்கிய நோட்டில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அழ உங்களுக்கு ஒரு மடி இருந்தது. அந்த மடியில் என்னையும் கொஞ்சம் புகழ்ந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் இனி நான் சுமக்க வேண்டும்.

தாங்கினேன். தாங்குவாயா என்று என்னிடம் நீங்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.