விரல் பட்ட பந்து

7 நவம்பர் 1927, திங்கள்

மழை நின்று பத்து நாள். காலையில் ஆற்றின் மேல் மூட்டம், எதிர்க்கரை தெரியவில்லை. இடது கடைவாயில் வலி. கிராம்பு வைத்தேன், கேட்கவில்லை.

கிடங்கு வேலை முடிந்து வரும்போது ரெங்கசாமி மேஸ்திரி நிறுத்தினார். எங்கள் அலோன் பேட்டை வாலிபால் சங்கத்துக்குத் தலைவர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் அவர் ஆட்கள்.

"தங்கராசு, சங்கம் ஆரம்பிச்சு ஆறு வருசமாச்சு. சரித்திரம் எழுதி அச்சுப் போடணும். நீதானே காரியதரிசி. கோப்பை ஜெயிச்சதைப் பெருசா எழுது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

வாங்க: மை, தாள், பல்பொடி, சட்டைப் பொத்தான் நான்கு.

8 நவ., செவ்வாய்

பர்மாக்காரர் விளக்குப் பண்டிகை. தெருவெல்லாம் காகிதக் கூண்டுகள். ஆபீஸ் அரை நாள். சரித்திரம் எழுத உட்கார்ந்தேன்.

தொடக்கம் எளிதாக வந்தது. 1921. அரிசி ஏற்ற வந்த கப்பலில் ஒரு போலந்து மாலுமி. தன் நாடு நூறு வருஷத்துக்கு மேல் இல்லாமல் இருந்து இப்போதுதான் மறுபடி நாடாகியிருக்கிறது என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னான். அவன் ஊரில் நெசவாலை ஆட்கள் சேர்ந்து வாலிபால் கிளப் வைத்திருந்தார்களாம். கப்பல் நின்ற மூன்று வாரமும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். போகும்போது பந்தை விட்டுவிட்டுப் போனான். அரிசி மில்காரர்கள் உமிச்சாம்பல் கொட்டி மேடான இடத்தைச் சமப்படுத்தி, மீன்வலையை இழுத்துக் கட்டினோம். எங்கள் டீமுக்குக் கேப்டன் சவரிமுத்து. கப்பலில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். அவர் சொன்னால் டீமின் ஒன்பது பேரும் ஒரே ஆள் மாதிரி நகருவோம்.

சாதனைகள்:
1922: நான்கு ஆட்டம். நான்கும் தோல்வி.
1923: அரை இறுதி.
1924:
1925: வெள்ளைக்கார அதிகாரிகள் டீமை வென்றோம். மறுநாள் துறையில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, சிரித்துக்கொண்டே மூட்டை தூக்கினார்கள்.
1926: கேப்டன் மறைவு. ஆடவில்லை.

1924க்கு எதிரே வெறும் இடம். அதைத் தாண்டி மற்றதையெல்லாம் எழுதிவிட்டேன்.

10 நவ., வியாழன்

எழுதியே ஆக வேண்டும். முதலில் இதில் எழுதுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

1924 டிசம்பர், நகரக் கோப்பை இறுதி ஆட்டம். கியாக்டடா வட்டாரத்தில் பள்ளிக்கூட மைதானம். எதிரே மரத்தொட்டியில் கட்டை அறுக்கும் ஆட்கள், எல்லோரும் பர்மியர். அவர்கள் கேப்டன் கோ பா மாங். அப்படிக் குதித்து அடிக்கிறவரை நான் பார்த்ததில்லை. மூன்றாவது ஆட்டம், இருபதுக்குப் பத்தொன்பது, நாங்கள் முன்னால். சர்வீஸ் எங்களுடையது. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஜெயம்.

கோ பா மாங் அடித்தார். நெட்டோரம் வலைக்கு மேலே நான் கை தூக்கினேன். பந்து என்னைத் தாண்டி வெளியே போய் விழுந்தது. அம்பயர் 'அவுட்' என்றார். பாயிண்ட் எங்களுக்கு, கோப்பை எங்களுக்கு.

போகும்போது பந்து என் வலது கை நடுவிரல் நுனியில் பட்டுவிட்டுத்தான் போனது.

நகம் வரை சுரீரென்றது. எங்கள் கையில் பட்டு வெளியே போன பந்துக்கு எங்களுக்குப் பாயிண்ட் கிடையாது. நான் சொல்லியிருந்தால் சர்வீஸ் அவர்களுக்குப் போயிருக்கும், ஆட்டம் தொடர்ந்திருக்கும். கோ பா மாங் "லெ தீ டே! லெ தீ டே!" என்று கத்திக்கொண்டு அம்பயரிடம் ஓடினார். கையில் பட்டது, கையில் பட்டது. அம்பயர் என்னைத்தான் கேட்டார். அதற்குள் நம் ஜனம் முந்நூறு பேர் மைதானத்துக்குள். சவரிமுத்து அழுதுகொண்டு என்னைத் தூக்கிவிட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

கோ பா மாங் அம்பயரின் சட்டையைப் பிடித்தார். அம்பயரைப் பொய்யன் என்றார், என்னையும். பந்தயக் கமிட்டி மன்னிப்புக் கேட்கச் சொன்னது. கேட்க மறுத்தார். ஆயுசுக்கும் ஆடக் கூடாது என்று தடை. மரத்தொட்டி டீம் கலைந்தது. அவருக்கு 'லெ தீ' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டதாகக் கேள்வி. நம் பயல்களும் அவர் போகும்போது கையைத் தூக்கிக் காட்டிக் கத்துவார்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

12 நவ., சனி

கேப்டனின் பிறந்த ஊர், வருஷம் கேட்க அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி பர்மியர், மா தீன். சவரிமுத்தைக் கட்டிப் பன்னிரண்டு வருஷம். தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவார்.

கோப்பை அங்கேதான் இருக்கிறது. போன வருஷம் மழைக்காலத்தில் கயிறு அறுந்து மரக்கட்டைகள் சரிந்தன, அதில்தான் கேப்டன் போனார். சவ ஊர்வலத்தில் பெட்டியின் மேல் கோப்பையை வைத்துக் கொண்டுபோனோம். பிறகு அண்ணியிடமே இருக்கட்டும் என்று மேஸ்திரி சொன்னார். அண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பளபளவென்று துடைத்து.

மோஹிங்கா, மீன்சாறு ஊற்றின சேவை, வைத்துக் கொடுத்தார். சாப்பிட முடியவில்லை. பல் என்றேன்.

"பல்லா? மூஞ்சி அப்படி இல்லியே. என்ன எழுதிக்கிட்டிருக்கே?"

"கோப்பை ஜெயிச்சதை."

அண்ணி கோப்பையைப் பார்த்தார். பிறகு, "அவருக்குத் தெரியும், தம்பி" என்றார்.

"என்ன?"

"உன் விரல்ல பட்டது. அவரு உன் பின்னாடிதானே நின்னாரு. பந்து திரும்பினதைப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்ததும் எங்கிட்ட சொன்னாரு. 'நான் அவனைக் கேக்க மாட்டேன், கேட்டா சொல்லிடுவான்'னாரு. கடைசி வரைக்கும் கேக்கலே."

அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

"அவரு கேக்கலே. இப்ப நான் கேக்கறேன். பட்டுச்சா?"

"பட்டது, அண்ணி."

முதல் தடவையாக வாயால் சொன்னது. வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். அண்ணி என் கிண்ணத்தை எடுத்துப் போய் வைத்துவிட்டு வந்தார்.

"அப்ப எழுது."

"கமிட்டி கோப்பையைத் திருப்பிக் கேட்டால்?"

"கேட்டா குடுக்கறேன். செத்தவருக்கு எதுக்கு."

அண்ணி அழவில்லை. நான்தான்.

13 நவ., ஞாயிறு

கோ பா மாங் மிங்கலாடோனில் இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன். பட்டாளத்துக்குக் கட்டுகிற வீடுகளில் தச்சு வேலை. இன்செயின் வரை ரயில், அங்கிருந்து குதிரை வண்டி. செம்மண் புழுதி. திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன்.

கூரைச் சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். நரை விழுந்திருக்கிறது. என்னை உடனே தெரிந்துகொண்டார், வேலையை நிறுத்தவில்லை. அவருக்குத் துறையில் பழகிய தமிழ் வரும்.

நின்றபடியே சொன்னேன். பந்து பட்டது. நீங்கள் சொன்னது நிஜம். நான் சொன்னது பொய்.

இழைப்புளி நின்றது.

"எந்த விரலு?"

காட்டினேன். கையைப் பிடித்து விரலை மட்டும் எடுத்துப் பார்த்தார், அங்கே இன்னும் ஏதோ இருக்கிற மாதிரி. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும்.

"எல்லாரும் படலேன்னாங்க. மூணு வருசம். எங்க ஆளுங்களே சொன்னாங்க, கோ பா மாங், நீ சரியாப் பார்க்கலேன்னு. போன வருசத்திலேருந்து எனக்கே சந்தேகம். நாமதான் தப்பாப் பார்த்தோமோ, சும்மா ஒரு ஆளைப் பொய்யன்னு சொல்லிட்டோமோன்னு." சட்டத்தில் கிடந்த மரச்சுருளைத் தட்டிவிட்டார். "உன்னைப் பார்த்து மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்."

என்னிடம். அவர்.

பிறகு மற்றத் தச்சர்களைக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர். "இவங்களுக்குச் சொல்லு. பர்மா பாஷையிலே சொல்லு."

"லெ தீ டே" என்றேன். ஒருவன் சிரித்தான். கோ பா மாங் அவனைப் பார்த்தார், நிறுத்திவிட்டான்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "காகிதத்திலே எழுது" என்று மட்டும் சொன்னார்.

19 நவ., சனி

சங்கக் கூட்டம், மேஸ்திரி வீட்டு முன்கூடத்தில். பதினோரு பேர். எழுதியதை வாசித்தேன். 1922, 23க்குக் கைதட்டல். 1924: 'கடைசிப் பந்து தங்கராசு விரலில் பட்டது. அவர் மறைத்தார். அதனால் கோப்பை நமக்குத் தரப்பட்டது. மரத்தொட்டி கேப்டன் சொன்னதே உண்மை.'

இதற்குக் கைதட்டல் வரவில்லை. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி வாசித்தேன்.

இப்போதைய கேப்டன் கதிர்வேல் எழுந்துவிட்டான். "யாருகிட்ட என்ன வாங்கினே?"

"ஒன்றும் வாங்கவில்லை."

"நமக்குன்னு இந்த ஊர்ல என்ன இருக்கு? ஒரு கோப்பை. மூட்டை தூக்கறவனும் தலை நிமிந்து நடந்தான் அன்னிக்கு. அதையும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரியா?"

அது நியாயம். அவனுடைய அப்பா அன்றைக்கு மைதானத்தில் மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டது எனக்கு மறக்கவில்லை.

"சவரிமுத்தண்ணன் இருந்திருந்தா உன்னை அடிச்சே கொன்னிருப்பாரு."

அவருக்குத் தெரியும் என்பது என்னோடு இருக்கட்டும். பட்டது என் விரல். தலையாட்டியது நான்.

மேஸ்திரி நிதானமாகத்தான் பேசினார். "உன் மனசு சுத்தமாகணும்னா கோவிலுக்குப் போ. சங்கத்தை எதுக்கு இழுக்கறே?"

கை தூக்கச் சொன்னார். என் வரிகளை அடிக்க எட்டுப் பேர். இரண்டு பேர் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். காரியதரிசி வேலை போயிற்று. டீமிலும் இடமில்லை. நோட்டையும் முத்திரையையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

21 நவ., திங்கள்

பகல் சாப்பாட்டு நேரத்தில் டிராம் பிடித்து கியாக்டடா. சுலே பகோடா பக்கத்துச் சந்து, மாடியில் பந்தயக் கமிட்டி ஆபீஸ். நடந்ததை ஒப்புக்கொண்டு என் பெயரில் கடிதம், என் கையெழுத்து. காரியதரிசி ஆங்கிலோ-பர்மியர், வயசானவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். இத்தனை நாள் கழித்து ஏன் என்றார். அதற்கு முன் தைரியம் வரவில்லை என்றேன். தடையை நீக்க அவருக்கே அதிகாரம் இருக்கிறதாம், நீக்கிவிடுகிறேன் என்றார். கோப்பை விஷயம் முடிந்தது முடிந்ததுதானாம், அம்பயர் தீர்ப்பை மாற்ற முடியாதாம்.

"அப்படியென்றால் ஜெயித்தது யார்?"

"ஏட்டில் நீங்கள்."

இறங்கும்போது படிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஏனென்று தெரியவில்லை.

27 நவ., ஞாயிறு

மறுபடி மிங்கலாடோன். தடையை நீக்கின கமிட்டி கடிதம் இங்கிலீஷில். கோ பா மாங்குக்குப் பர்மா பாஷையில் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். மடித்துத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார். உங்கள் டீம் இல்லையே, எங்கே ஆடுவீர்கள் என்றேன்.

"உங்க டீமிலே இடம் இருக்கா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒரு இடம் காலி" என்றேன். "நெட்டோரம்."

ஞாயிறு தோறும் நான்கு மணிக்கு என்றும் சொன்னேன். வராதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டுமோ. நம் ஆட்கள் அவரை அடித்தால் நானே பொறுப்பு.

4 டிசம்பர், ஞாயிறு

நல்ல வெயில், காற்று இல்லை. சரித்திரம் அச்சாகி வந்துவிட்டது, பச்சை அட்டை. 1924: 'மகத்தான வெற்றி.' கதிர்வேல் எழுதினானாம். என் பெயர் எங்கும் இல்லை.

நான்கு மணிக்கு மைதானத்துக்கு வெளியே, சாம்பல் மேட்டில் உட்கார்ந்தேன். யாரும் என்னோடு பேசவில்லை. ஆட எட்டுப் பேர்தான், ஒருவர் குறை. அடுத்த வாரம் ரயில்வே டீமோடு ஆட்டம், முன்வரிசையில் ஆள் இல்லை.

கோ பா மாங் வந்தார். தனியாக. லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஒருவன் கையைத் தூக்கி 'லெ தீ' என்று ஆரம்பித்தான்.

கதிர்வேல் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவரைப் பார்த்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"கோ பா மாங்" என்றான். "உள்ளே வாங்க. நெட்டோரம் நில்லுங்க."

மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றையும் பார்த்தேன்.