எர்னா அம்மாளுக்குச் சொல்லாத வாழ்த்து

லைப்சிக்,
செப்டம்பர் 24

அன்புள்ள அம்மாவுக்கு, மங்கை எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்ட எர்னா அம்மாள் தொண்ணூறாவது பிறந்த நாளன்று காலையில் இறந்துவிட்டார். முந்தின நாள் நான் வேலை முடிந்து கிளம்பும்போது கையைப் பிடித்து, "இப்பவே வாழ்த்திட்டுப் போடி" என்றார். நாளுக்கு முன்பே வாழ்த்தினால் ஆகாது என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கை. போன வருடம் அதற்காக என்னைத் திட்டியவரே அவர்தான்.

"நீங்களே இப்படிக் கேக்கலாமா? நாளைக்கு கேக்கோட வர்றேன்" என்று சிரித்துவிட்டு வந்தேன். மறுநாள் பிளம்ஸ் கேக்கோடு போனபோது, உயிர் வெளியேற அவர் அறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

நேற்று அடக்கம். பிறகு இங்குள்ள வழக்கப்படி எல்லோரும் காபி குடிக்க உட்கார்ந்தோம். அவர் மகள் ஊட்டே கேட்டதால் அதே கேக்கை மறுபடி செய்திருந்தேன்.

"சாப்பிடு மங்கை. அம்மா இருந்தா மூணு துண்டு முழுங்கிட்டு, இனிப்பு பத்தலைன்னு சொல்லியிருக்கும்" என்றாள் ஊட்டே. எல்லோரும் சிரித்தார்கள். நான் என் பங்கைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மா, உங்கள் பிறந்த தேதியை நான் கேட்டதே இல்லை. உங்களுக்கே தெரியாவிட்டால், நீங்கள் பிறந்த அன்றைக்கு மழையா வெயிலா என்றாவது எழுதுங்கள். நான் ஏற வேண்டிய டிராம் வந்துவிட்டது.

மங்கை