சித்தி சொல்லிக்கொடுத்த முக்கோணம்

பந்தல்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தங்கச்சி சுகந்திக்கு,

அக்கா சோலையம்மாள் எழுதுவது. நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம். நீயும், உன் வீட்டில் தங்கிப் படிக்கிற என் மகள் பாண்டீஸ்வரியும் சுகமாக இருக்க இருளப்பசாமி துணையிருக்கட்டும். போன் போட்டால் உன் போனையும் அவள்தான் எடுக்கிறாள். அதனால்தான் நீ தைக்கிற கரூர் கம்பெனி விலாசத்துக்கே எழுதுகிறேன்.

இங்கே மழை ஏமாற்றிவிட்டது. பருத்தி முழங்கால் உயரத்தோடு நின்றுபோச்சு. மச்சான் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருக்காக. எனக்குத் தையல் வேலைக்குக் குறைவில்லை.

பொங்கல் லீவுக்கு வந்த பாண்டீஸ்வரி, நான் பிளவுஸ் துண்டுகளில் போர்வை தைப்பதைப் பார்த்தாள். அவளுக்கென்றுதான் ஒவ்வொரு முக்கோணமாக வெட்டிச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தேன். "இப்பிடி வெட்டுனா என்னைக்கும்மா முடிக்க? சித்தி செய்றதப் பாரு" என்று கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள். சிவப்பில் ஒரு சதுரம், மஞ்சளில் ஒரு சதுரம், நல்ல பக்கம் உள்ளே வரும்படி ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள். மூலைக்கு மூலை கோடு போட்டு, அதற்கு இரண்டு பக்கமும் கால் இஞ்சு தள்ளித் தைத்தாள். கோட்டிலே வெட்டி விரித்தால், பாதி சிவப்பு பாதி மஞ்சளாக இரண்டு சதுரம்! நல்ல வழிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விரிக்கிறபோதெல்லாம் "சித்தி, சித்தி" என்றாள். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்தது நான்.

அவள் பஸ் ஏறினதும் நானே செய்து பார்த்தேன். கோட்டின்மேலேயே தைத்துத் தொலைத்தேன். வெட்டினதும் நாலு துண்டாக உதிர்ந்தது. மறுநாள் சரியாக வந்தது. ஆசையாசையாகப் போன் போட்டேன். "அப்பறம் பேசுறேம்மா, சித்திகூட டவுனுக்குக் கெளம்பிட்டேன்" என்றாள். சொன்னவள் போனை அணைக்க மறந்துவிட்டாள். "அம்மா, என் செருப்பு எங்க?" என்று கேட்டது. நான் இங்கிருந்து "என்ன தாயி?" என்றேன். அவள் கேட்டது உன்னை. நீ, "கட்டிலுக்கு அடியில பாரு தங்கம்" என்றாய்.

அன்றைக்கு மேற்கொண்டு தைக்கவில்லை. போர்வையைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

உனக்குப் பிள்ளை இல்லாத வருத்தம் எனக்குத் தெரியாததா? என் பிள்ளையை நீ உன் பிள்ளையாகப் பார்க்கிறாய். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் உன்னைத்தான் பெருமையாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தால் வயிறு எரிகிறது. உன்மேல்தான் எரிகிறது, தங்கச்சி. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. நீயும் நாலு நாள் இருந்துவிட்டுப் போ.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கைச்சோறு அவள் உடம்பில் ஒட்டட்டும். ஆனால் இனி ஒரு தடவை உன்னை "அம்மா" என்று கூப்பிட்டால், "சித்தி"ன்னு சொல்லச் சொல். உனக்கு வாய் வராது என்று தெரியும். எனக்காகச் சொல்.

உன் அக்கா,
சோலையம்மாள்