இரண்டாவது நன்றிப் பூசை

அன்புள்ள அப்பா,

இன்று சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் லட்டுப் பெட்டியை நீட்டினார். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம். நெய் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவுதான் வந்தது. நல்லது நடந்தால் நன்றிப் பூசை வைத்து இனிப்புக் கொடுக்கும் இந்த வழக்கத்தை நம் கோயிலில் உங்களைப்போல் ஆர்ப்பாட்டமாகச் செய்தவர் யாருமில்லை.

எனக்குப் பொறியியலில் இடம் கிடைத்ததும் நன்றிப் பூசைக்குக் காணிக்கை கொடுத்தீர்கள். ஃபாதர் என் பெயரையும் படிப்பையும் எல்லோருக்கும் கேட்க வாசித்தார். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய லட்டைப் பிலிப்பினோ பாடகர் குழுவைக்கூட விடாமல் கொடுத்தீர்கள். நான் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை முடித்த பிறகுதான் படிப்பே தொடங்கும்; உங்களுக்கோ அன்றே மகன் இஞ்சினியர்.

ராணுவத்தில் என்னை மருத்துவ உதவியாளனாகப் போட்டார்கள். கொப்புளம் வெடித்த கால்களுக்கு மருந்து போட்டேன். வெயிலில் சுருண்டு விழுந்தவனிடம் ஆம்புலன்ஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். எனக்கான வேலை இதுதான் என்று தெரிந்துவிட்டது. படிப்பு தொடங்கச் சில மாதங்கள் இருந்தபோது நர்சிங்குக்கு விண்ணப்பித்தேன், இடமும் கிடைத்தது. ஜாலான் புசார் காப்பிக்கடையில் வைத்து உங்களிடம் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயைத் தள்ளி வைத்தீர்கள்.

"பேர் வாசிச்சுப் பூசை வெச்சாச்சேடா. இப்போ ஆண்டவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு முதல் காத்தோங் பக்கம் இங்கிலீஷ் பூசைக்குப் போக ஆரம்பித்தீர்கள். அங்கே பாட்டு நன்றாக இருக்கிறது என்று காரணம் வேறு. நம் கோயில் ஆட்களின் முகத்தில் விழிக்கக் கூச்சப்படுகிறீர்கள் என்று அம்மாதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வலித்தது. உங்களை இப்படி ஒளியவைக்கிற படிப்பு எனக்கெதற்கு, பொறியியலுக்கே திரும்பிவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அதற்கடுத்த ஞாயிறு என்னையும் கிளப்பி நம் கோயிலுக்கே கூட்டிப்போனீர்கள். யார் யாருக்காக அன்றைய பூசை என்று சொல்லும் பூசைக் கருத்துகளை ஃபாதர் வாசிக்கும்போது என் பெயர் மறுபடியும் வந்தது, இம்முறை நர்சிங் படிப்புக்காக. வாசலில், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் உங்கள் நண்பர் உங்களைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன லா, இஞ்சினியரிங் போச்சா?"

"அது அவனுக்குக் கிடைச்சது. இது அவனே கேட்டு வாங்கினது," என்றீர்கள்.

அன்றைக்கு லட்டு இல்லை. அதைக் கொண்டாடும் அளவுக்கு உங்கள் மனம் இன்னும் வந்திருக்கவில்லை. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் இல்லாத இந்த ஆண்டுகளில், வார்டில் அலுத்துப்போகிற நாட்கள் உண்டு. ஆம்பளை நர்ஸா என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நோயாளிகளும் உண்டு. அப்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் துணை. முதல் பூசையில் என் பெயரை வாசித்தபோது, யார் யார் கேட்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தீர்கள். இரண்டாவது பூசையில் வேறு யாரையும் பார்க்கவில்லை அப்பா, என்னைத்தான் பார்த்தீர்கள்.