தண்ணீர் ஊற்றிய ஜெனரேட்டர்

18.2.2006, சனி

உப்பளத்து ஓரம் வண்டியையே வீடாக்கித் தங்கியிருக்கும் வெள்ளைக்கார அம்மாவின் பழைய ஜெனரேட்டர், பழுது பார்க்கப் போன என் மானத்தை நான்கு நாளாக வாங்கியது. விடியலில் போட்டால் டிரிப் ஆகி நின்றுவிடும். வெயில் ஏறினால் ஒழுங்காக ஓடும். ஃபிரிட்ஜில் அவருடைய இன்சுலின் இருக்கிறது. ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்தும் பழுது அகப்படவில்லை.

நேற்று உப்பு வாரிவிட்டு வந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உள்ள உப்பு பூத்திருக்குது பாரு. பனியில தண்ணி விட்டுக்கும், வெயில்ல காஞ்சிடும். நல்ல தண்ணி ஊத்திக் கழுவுய்யா."

"கரெண்டு பெட்டியிலயா? பைத்தியமாடி உனக்கு?"

வேறு வழி தெரியாமல் கழுவி, வெயிலில் காயவைத்தேன்.

இன்று விடியலில் போட்டதும் நிற்காமல் ஓடியது. அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். யார் சொன்ன யோசனை என்று நான் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில் மனைவி தூங்குகிறாள். உப்பு அரித்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.