பூநாரைக்கு வைத்த வெளிச்சம்

அல்லைப்பிட்டி
14.01.2024

அன்புள்ள அத்தானுக்கு,

வள்ளத்தில் வெளிநாடு போன உங்களைப் பிடித்து வைத்திருக்கிற முகாமில் போனைப் பறித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் காலத்தில் புருசனுக்குக் கடிதம் எழுதுகிற ஒரே மனுசி நான்தான் என்று தபால் கந்தோரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நீங்கள் கேட்டபடி உங்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு பூநாரை பறப்பதை எடுக்கப் போனேன். வந்த இலட்சணத்தை நீங்களே பாருங்கள். ஒன்றில் கால் மட்டும். ஒன்றில் வெறும் வானம். மிச்சமெல்லாம் பின்பக்கம். உங்கள் ஸ்ரூடியோவில், கோயிலில் முதல்நன்மை எடுக்கிற பிள்ளைகளுக்கு, "ஆடாதை, அசையாதை" என்று சொல்லி எடுப்பீர்களே, பூநாரைக்கும் அப்படிச் சொல்லிப் பார்க்கவா?

உங்கள் அம்மா இன்னும் படுக்கையில்தான். "என்ர மோன் எப்ப பிள்ளை வாறான்?" என்று விடிந்தால் பொழுதுபட்டால் ஒரே கேள்வி. மாமிக்கு நான் என்ன சொல்ல?

உங்கள் சுகந்தி


முகாம்
09.02.2024

அன்பு சுகந்திக்கு,

பூநாரைக் கால் படத்தைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். இங்கே வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான். வேலிக்குள் இருக்கிறவனுக்கு, பறக்கிற ஒன்றைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. நம்முடைய கடலில் பறக்கிற ஒன்றை.

கவனமாகக் கேளும். கமராவை 'எம்'மில் வையும், எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கிற முறை அது. ஷட்டர் ஒரு செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குக் குறைந்தால் செட்டை கலங்கிவிடும். துவாரம் ஐந்து தசம் ஆறு, ஐஎஸ்ஓ நானூறு. போக்கஸ் பறவையை விடாமல் தொடருகிற முறையில் இருக்கட்டும். வாடைக்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நில்லும். பறவை காற்றுக்கு எதிரேதான் எழும்பும். அப்போது முகம் உம்மைப் பார்த்து வரும். நடுவுக்கு வரட்டும் என்று காத்திராதேயும். தூரத்திலேயே பிடித்து, கூடவே திரும்பும். பொத்தானை அமத்தும்போதும் கையை நிறுத்தக் கூடாது. உம்முடைய வின்சன்ற் அண்ணை வீச்சுவலை எறியும்போது, வலை போன பிறகும் அவருடைய கை போய்க்கொண்டிருக்குமே, அப்படி.

ஒருமுறை வைத்ததை வைத்தபடி விடும். ஒன்றையும் திருகாதேயும்.

அம்மாவிடம், வருவேன் என்று சொல்லும்.

ஜெகதீஸ்


அல்லைப்பிட்டி
10.03.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஒன்று சரிவந்துவிட்டது! பாருங்கள், கண்கூடத் தெரிகிறது. ஓடிவந்து மாமிக்குத்தான் முதலில் காட்டினேன். "ஆர் எடுத்தது, என்ர மோனோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். கையில் வைத்துக்கொண்டே நித்திரையாகிவிட்டார்.

இன்னொன்று. உங்களோடு வள்ளத்தில் போன மண்கும்பான் ஊர் றஜீபன் திரும்பி வந்துவிட்டான். நேற்று வீட்டுக்கு வந்தவன், "அக்கா, ஊருக்குப் போக விருப்பமான ஆக்கள் கையெழுத்து வைச்சிட்டுப் போகலாமெண்டு எல்லாரையும் கேட்டவங்கள். அண்ணைதான் மாட்டனெண்டிட்டார்" என்றான். அவனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

விடமாட்டார்கள், வர ஏலாது என்றுதானே முந்தி எனக்கு எழுதினீர்கள்? மாமி இனி நெடுநாள் இருக்கமாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார். உண்மையை எழுதுங்கள்.

சுகந்தி


முகாம்
02.04.2024

அன்பு சுகந்திக்கு,

றஜீபன் சொன்னது உண்மைதான். வேறொரு நாடு எங்களை எடுக்கும் என்று லோயர் சொல்கிறார். இவ்வளவு பட்டுவிட்டு, வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊருக்கு வருவது? கொஞ்சம் பொறும். அம்மா அதுவரை இருப்பா.

பூநாரை அச்சொட்டு. நெஞ்சுப்பக்கம் கொஞ்சம் வெளுத்துவிட்டது. ஷட்டரை இன்னும் ஒரு படி கூட்டிவிடும்.

ஜெகதீஸ்


அல்லைப்பிட்டி
21.04.2024

அத்தானுக்கு,

மாமி செவ்வாய்க்கிழமை போய்விட்டார். மறுநாள் பூசை முடிந்து சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பார்க்கவென்று, ஊரில் எல்லாச் செத்தவீட்டையும் நீங்கள்தானே படமெடுத்தீர்கள். உங்கள் அம்மாவின் செத்தவீட்டை நான் எடுத்தேன். கமராவிலிருந்து கண்ணை எடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, பெட்டி மூடும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன். திரையைப் பார்க்கவேயில்லை. நீங்கள் சொன்னபடி, வைத்ததை வைத்தபடியே விட்டிருந்தேன். நடுப்பகல் வெயிலில் பூநாரைக்கு வைத்தது, யன்னல் சாத்திய வீட்டுக்குள் எப்படிச் சரிவரும்? அது எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் படமும் கறுப்பு.

சுகந்தி


முகாம்
15.05.2024

சுகந்தி,

உம்மில் பிழையில்லை. பறவைக்குச் சொன்னேன், வீட்டுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒன்றையும் அழித்துவிடாதேயும். ஸ்ரூடியோ கொம்பியூட்டரில் போட்டு வெளிச்சத்தை மெல்ல மெல்ல ஏற்றும். புள்ளி புள்ளியாகத்தான் வரும், வரட்டும். எனக்கு ஒரேயொரு படம் போதும். அம்மாவின் முகம். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெகதீஸ்


அல்லைப்பிட்டி
09.06.2024

ஜெகதீஸ் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி வெளிச்சத்தை ஏற்றினேன். மாமியின் முகம் வந்தது. மணல் தூவியதுபோலப் புள்ளிகள்தான். என்றாலும் அவரேதான், மூக்கிலே அந்த மச்சம்கூடத் தெரிகிறது. பெரிதாக அடித்து, ஒரு உறைக்குள் வைத்து ஒட்டியும்விட்டேன்.

பிறகு உறையைக் கிழித்துப் படத்தை வெளியே எடுத்தேன்.

கடைசி நாள் மாமி உங்களைக் கேட்டு அழுதபோது, நம்முடைய கலியாணப் படத்தைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "படம் எனக்கென்னத்துக்குப் பிள்ளை? அவனை வரச்சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

கோபத்தில்தான் இதைச் செய்கிறேன், மறைக்கவில்லை. இனி நான் கடிதம் எழுதமாட்டேன். நீங்களும் கமரா பற்றி எழுத வேண்டாம்.

மாமியின் முகம் அலுமாரிக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் கையெழுத்தை வைத்துவிட்டு வாருங்கள்.

மேரிசுகந்தி